எட்டும் பன்னிரண்டும்

ஹட்டன் தொழில் அலுவலகத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
தாளை என் பக்கம் திருப்பினாள்.
பதினொரு வருடம், எறும்பு வரிசையாய் எண்கள்.
பிறகு ஓர் ஆனி மாதத்தோடு
வெள்ளை.

"இங்க இருந்து ஒன்டும் இல்ல. வேல செய்றது இல்லயா?"
உடைந்த தமிழ். உடையாத கேள்வி.

சின்னவனுக்கு நெஞ்சு இழுக்கும்.
பிள்ளைக் காம்பராவிலிருந்து மூன்று முறை ஆள் வந்தது.
நான்காம் முறை
பத்தாம் நம்பர் மலையில், பாதி நிரையில்,
கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தேன்.
ஈரத்தில் அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை,
லயத்து வாசலில் காலைக் கழுவும்போதுதான் பார்த்தேன்.
அடுத்த மாதம் செக்ரோலில் பேரை வெட்டினார்கள்.
சிவப்புப் பேனா, அடிமட்டம் வைத்து
ஒரே கோடு.

"இருக்கிற சல்லி போகாது அக்கா," என்றாள் அவள்,
"அம்பது வயசு மட்டும் அங்கயே இருக்கும்.
போடாத மாசத்துக்குத்தான்
யாரும் போட மாட்டாங்க."

நோர்வூட் வரைக்கும் அந்த வார்த்தையே
பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தது.
டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்:
ஐம்பதுக்கு இன்னும் பதினெட்டு வருடம்.
வளைவில் பென்சில் வழுக்கி
பதினெட்டு எண்பதாகிவிட்டது.

கொழுந்தனார் சந்தனராஜ் வந்திருந்தார்.
வீடு திருத்தவென்று எழுதிக் கொடுத்தால்
கொஞ்சம் எடுக்க வழியிருக்காம்,
ஆட்டோவுக்கு முற்பணமாகுமாம்.
"சும்மாதானே கெடக்கு அண்ணி?"
பணத்தைச் சொன்னாரோ, என்னைச் சொன்னாரோ.
தேத்தண்ணி கொடுத்தேன்.
கையெழுத்துக் கொடுக்கவில்லை.

அன்றிரவு பெரியவளின் சதுரக்கோட்டுக் கொப்பியில்
ஒரு செக்ரோல் திறந்தேன்.

நாலரை: பீலியில் தண்ணீர், நாலு குடம்.
அஞ்சு: ரொட்டி, சம்பல்.
ஆறு: அவருக்குச் சாப்பாடு கட்டியது.
ஏழிலிருந்து: சின்னவனின் மூச்சு.
அதற்கு எத்தனை மணியென்று எழுத?
அந்தக் கட்டத்தில் கோடு போட்டு
நாள் முழுக்க இழுத்துவிட்டேன்.
எல்லா நாளும் முழுப்பேர்.
ஞாயிறும்.

மோகனதாஸ் ஃபெக்டரியில் இரவு முறை முடிந்து
உடம்பெல்லாம் இலை வாடும் வாசனையோடு வந்தார்.
கொப்பியைக் காட்டினேன்.
"தோட்டத்துல என் பங்கு எட்டு, கம்பெனி பங்கு பன்னெண்டு.
இங்க நீங்கதான் கம்பெனி.
பன்னெண்ட எடுத்து வைங்க,
எட்ட நான் போடுறேன்."

சிரித்தார்.
"ஒனக்கு ஏது சம்பளம், எட்டு போட?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றேன்.

சிரிப்பு நின்றது.
சின்னவனின் இழுப்பு மட்டும்
தகரத்தில் காற்றுப் போல.
அவர் தன் சம்பளச் சிட்டையை எடுத்து
விளக்குக்குக் கீழே விரித்து
எட்டு வெட்டியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் இருந்தார்.

தபால் கந்தோரில் என் பேரில் ஒரு புத்தகம்.
முதல் மாதம் இருபதுக்கு இருபது.
இரண்டாம் மாதமும்.
மூன்றாம் மாதம் மருந்துக்கே பாதி போனது.
தலையைச் சொறிந்துகொண்டு நீட்டினார்:
"இந்த மாசம் அரைப்பேர் போட்டுக்க."

வாங்கிக்கொண்டேன்.
மீதியை நிலுவை என்று சிவப்பில் எழுதினேன்.

கம்பெனி என்றால் அப்படித்தான், பாக்கி வைக்கும்.
ஹட்டனுக்கு முதல் பஸ்
ஐந்தே முக்காலுக்கு என்று
அவருக்கும் தெரியும்.